மிதவை சாய்ந்திருந்த நாட்கள்

திண்டிவனம்
14-9-2025

பொன்னிக்கு உன் மாமியார் அமலோற்பவமேரி எழுதுவது.

நல்லா இருக்கிறாயா என்று நான் கேட்கப்போவதில்லை. நீயும் என்னைக் கேட்டு எழுத வேண்டாம். இதைப் போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் இது ஒற்றை அறை வீடு. நான் போனில் உன்னிடம் பேச ஆரம்பித்தால் ஆஷ்லின் மட்டுமல்ல, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களும் கேட்பார்கள். அதனால் கன்னியாஸ்திரீகளிடம் ஐந்தாவது வரைக்கும் படித்ததை வைத்து எழுதுகிறேன். தப்பு இருந்தால் நீ பன்னிரண்டாவது படித்தவள், திருத்திக்கொள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை விழுப்புரத்துக்கு அழைத்துப்போனார்கள். பல்கலைக்கழக மியூசியத்தில் கடல் ஆராய்ச்சிக் கண்காட்சியாம். நீ பெருக்கித் துடைக்கிற இடம்தான். பெற்ற பிள்ளை ஆஷ்லின் அவ்வளவு தூரம் வந்திருக்கிறது, நீ அன்றைக்குப் பார்த்து லீவு போட்டிருக்கிறாய். முகம் வாடி வந்தது பிள்ளை. வந்ததும் பையைக்கூடக் கழற்றவில்லை.

"ஆயா, அங்க மஞ்சளா ஒரு பெரிய மிதவை வெச்சிக்கினு இருக்காங்க. அதுல அம்மாவோட துப்பட்டா கட்டியிருக்குது" என்றது.

"போடி பைத்தியம். ஊருல பச்சைத் துப்பட்டா உங்க அம்மாகிட்ட மட்டும்தான் இருக்குதா?"

"இப்ப பச்சையா இல்ல ஆயா, வெளுத்துப்போச்சு. ஆனா ஓரத்துல நான் போட்ட செவப்புப் பூ இருக்குது. அஞ்சு எதழுக்கு நாலு எதழு போட்டுட்டேன்ல, அதே பூ."

பிள்ளைக்குச் சோறு போட்டுத் தூங்க வைத்தேன். ஆனால் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தத் துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டுதான் என் மகன் அருண் நாலு வருஷத்துக்கு முன்னால் படகேறப் போனான். நீதான் எடுத்துக் கொடுத்தாய். "பொண்டாட்டி துணிய தலையில சுத்திக்கினு போறியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டேன். "வெயிலு பொம்பள துணின்னா அடிக்காம வுட்டுடுமா?" என்று சிரித்தான். கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்க்காமல் போனான். எனக்கு எதுவும் மறக்காது.

அவன் தலையோடு போன துணி கரைக்கு வந்திருக்கிறது என்றால், அவனும் வந்திருக்கிறான். எந்த ஊர்ப் படகோ தூக்கியிருக்கும், எங்கேயாவது சிறையில் கிடந்து வந்திருப்பான். நேராக உன்னிடம் வந்திருக்கிறான். நீ ஒளித்து வைத்திருக்கிறாய். என்னைத் தெருவில் நிறுத்தின மாமியாருக்கு மகன் எதற்கு என்று நினைத்திருப்பாய்.

உன் சாமான்களைத் தெருவில் வைத்தேன், ஆமாம். உயிரோடு இருக்கிற புருஷனுக்கு இறந்தோர் பூசை வைக்கலாம் என்று நீ சொன்னாய். இன்றைக்குச் சொன்னாலும் வைப்பேன்.

அருண் எங்கே? அதை மட்டும் எழுது.

அமலோற்பவமேரி


விழுப்புரம்
18-9-2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. அவர் இங்கே வரவில்லை. வந்திருந்தால் உங்களிடம்தான் முதலில் ஓடி வந்திருப்பார்.

அந்த மிதவையில் இருப்பது ஏதோ ஒரு பழைய துணி. கடலில் போகிறபோது சிக்கியது. பக்கத்தில் போர்டில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளை, ஆசையில் ஏதோ பார்த்திருக்கும். நாலு வருஷம் உப்பில் கிடந்த துணியில் பூ எங்கே தெரியப்போகிறது?

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். அதனால்தான் லீவு. ஆஷ்லினிடம் சொல்லுங்கள். அதற்கு ஒரு பாவாடைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

கண்காட்சி அடுத்த மாதம் பாதியோடு முடிகிறது. மிதவையைக் கழுவி, பெயின்ட் அடித்து, மறுபடியும் கடலில் விடப்போகிறார்களாம். அதனால் இதை இத்தோடு விட்டுவிடுங்கள் அத்தை. தயவுசெய்து.

பொன்னி


திண்டிவனம்
22-9-2025

பொன்னிக்கு,

பூ எங்கே தெரியப்போகிறது என்று எழுதியிருக்கிறாய். பார்க்காதவள் என்றால் பூ தெரிகிறதா என்றுதானே கேட்டிருப்பாய். நீ பார்த்திருக்கிறாய்.

காய்ச்சலாம். உனக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணம் ஆகி வந்த முதல் வாரம் மீன்குழம்புச் சட்டியை உடைத்துவிட்டு, பூனை தள்ளியது என்றாய். எங்கள் தெருவில் அப்போது பூனையே கிடையாது.

நான் விடமாட்டேன். நேற்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அவனுக்கு நாலு முழ வேட்டி ஒன்று எடுத்தேன். ஒலக்கூர்ச் சந்தையில் என்னோடு கருவாடு விற்கிறாளே அம்சா, அவளிடம் "என் புள்ள வந்துட்டான்" என்று சொல்லிவிட்டேன். "எங்கடி, கண்ணுல காட்டு பாப்போம்" என்றாள். "மருமவ வுட்டா காட்றேன்" என்றேன். அவள் வாய் சும்மா இருக்காது, இந்நேரம் சந்தை முழுக்கத் தெரிந்திருக்கும். பூசை வைக்கிற சாமியாரிடமும் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அவருக்கு எப்போதும் விசுவாசம் குறைவு.

ஆஷ்லினிடம் இன்னும் சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொல்லப்போகிறேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் வருவேன். உன் அண்ணன் சீனுவாசன் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவேன். என் பிள்ளைக்கு அந்தப் படகு வேலையைப் பிடித்துக்கொடுத்த மகராசன் கதவைத் திறக்கிறானா பார்க்கிறேன்.

அ.மேரி


விழுப்புரம்
24-9-2025

அத்தை,

ஆஷ்லினிடம் சொல்லாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன், சொல்லாதீர்கள். இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

அவர் வரமாட்டார்.

அந்தத் துப்பட்டா என்னுடையதுதான். நாலு இதழ்ப் பூ அப்படியே இருக்கிறது. ஆனி மாதம் ஸ்டோர் ரூமிலிருந்து அந்த மிதவையைத் தள்ளிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் நிறுத்தினார்கள். அப்போதுதான் பார்த்தேன். துடைப்பத்தைக் கீழே போடாமல் நின்றேன் என்பது மட்டும்தான் நினைவு. பிள்ளை வருகிறது என்று தெரிந்துதான் லீவு போட்டேன். என் முகத்தைப் பார்த்தால் அதற்குத் தெரிந்துவிடும் என்று பயம். கடைசியில் என் முகம் இல்லாமலேயே கண்டுபிடித்துவிட்டது.

அன்றைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தார் கடலில் நங்கூரம் போட்டிருந்த இந்த மிதவை சங்கிலி அறுந்து போய்விட்டது. அதைப் பிடித்து வருவதற்காகத்தான் மரக்காணத்திலிருந்து படகு போனது. படகுக்காரர், ஆராய்ச்சி மாணவர் ஒருவர், கயிறு போட இவர். காற்றில் படகு கவிழ்ந்தது. அவர்கள் இரண்டு பேரையும் வேறு படகு தூக்கியது. இவரைக் காணவில்லை. கவிழ்ந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினார்கள்.

தெரியாததை இப்போது எழுதுகிறேன். எழுதி எழுதி அடித்து, இது நாலாவது தாள்.

அவர் அந்த மிதவைக்கு நீந்திப் போயிருக்கிறார். மேலே தூக்குவதற்கு ஒரு இரும்பு வளையம் இருக்கும். துப்பட்டாவின் ஒரு முனை அதில் கட்டியிருக்கிறது. மறு முனை கிழிந்திருக்கிறது. யாருக்கும் அது தோன்றவில்லை. "கடலில் மனிதர்கள் வீசும் குப்பைக்கு ஒரு சான்று" என்று கீழே எழுதி வைத்தார்கள்.

பக்கத்துச் சுவரில் ஒரு கோட்டுப் படம் இருக்கிறது. மிதவை நேராக நின்றதா, சாய்ந்ததா என்று அதற்குள் இருக்கிற கருவி நேரத்துக்கு நேரம் குறித்து வைத்தது. வருகிற பிள்ளைகளுக்கு ஆர்த்தி என்ற மாணவி விளக்கம் சொல்லும். நல்ல பெண், அதற்கு எதுவும் தெரியாது. தினமும் இதையேதான் சொல்லும்: "இங்க பாருங்க, கோடு கீழ எறங்கிடுச்சு. மிதவை ஒரு பக்கமாவே சாஞ்சுக்கினு இருக்கிற மாதிரி காட்டுது. அலையில ஆடினா ரெண்டு பக்கமும்தான ஆடணும். அதனால இது கருவியோட கோளாறு. இந்த ரெண்டு நாள் கணக்க விஞ்ஞானிங்க தள்ளிட்டாங்க."

ஒரு ஆள் ஒரு பக்கமாகத் தொங்கினால் சாயாதா அத்தை?

நான் தினமும் அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைக்கிறேன். புருஷனை விழுங்கினவர்களிடம் சம்பளம் வாங்குகிறாள் என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னீர்கள். நான் வேலையை விட்டால் அந்த மிதவையை வேறு யாரோ துடைப்பார்கள். அவர்களுக்கு அது மிதவைதான்.

அவர் உயிரோடு எங்கேயோ இருக்கிறார் என்று நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். திட்டட்டும் என்றுதான் இருந்தேன். என்னைத் திட்டுகிறவரைக்கும் உங்களுக்கு மகன் இருந்தார்.

பொன்னி


திண்டிவனம்
9-10-2025

பொன்னிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை உனக்கு வார லீவு என்று ஆஷ்லின் சொன்னது. அதனால் செவ்வாய்க்கிழமை பார்த்து நான் வந்தேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைப் பார்க்க என்னால் ஆகாது. வாசலில் இருந்தவன், "என்னா பாட்டி, ஆசுபத்திரிக்கு முண்டியம்பாக்கம் போவணும், தப்பா எறங்கிட்ட" என்றான். "எனக்கு வந்த நோவுக்கு முண்டியம்பாக்கத்துல மருந்து இல்ல, வழிய வுடு" என்றேன்.

பெரிய கூடம். குளிராக வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் சங்கு, மீன் எலும்பு, பாட்டிலில் கடல் தண்ணீர். கடல் தண்ணீரைப் பாட்டிலில் வைத்து வேடிக்கை பார்க்கிறவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். நடுவில் அது நின்றது. என் உயரம்கூட இல்லை. இவ்வளவு சின்னதையா பிடித்துக்கொண்டிருந்தான்?

எங்கேயோ பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள், கண்டாச்சிபுரமோ என்னவோ. நீ எழுதின அந்தப் பெண் ஆர்த்தி படத்தில் கோல் வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தது. கீழே இறங்கின இடத்தில் கோலை வைத்து, "இது கோளாறு" என்றது.

"கோளாறு இல்ல கண்ணு," என்றேன். "அது என் புள்ள."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்னா பாட்டி?" என்றது அந்தப் பெண். "அந்தக் கோடு சாஞ்சுக்கினு இருக்குதே, அது என் புள்ள இருதய அருண். அவன் கனம்தான் அது. பொறக்கும்போதே கனமான புள்ள." பிள்ளைகளோடு வந்த டீச்சர் அவசரமாக எல்லாரையும் வெளியே ஓட்டிக்கொண்டு போனாள். ஆர்த்தி கோலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்புறம் அழுதுவிட்டது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கண்ணாடி போட்ட ஒரு பெரிய ஐயா வந்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. காபி என்றார், வேண்டாம் என்றேன். சுவரில் இன்னொரு போர்டு இருக்கிறதே, "புயலிலும் இந்த மிதவை தன் இருப்பிடத்தை அறிவிப்பதை நிறுத்தவில்லை" என்று பெரிய எழுத்தில். நீ அதைப் பற்றி எழுதவில்லை. எனக்காகத்தான் எழுதாமல் விட்டாய் என்று தெரியும். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"எங்க இருக்குதுன்னு அது சொல்லிக்கினே இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"யாருக்குச் சொல்லுச்சு?"

"எங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு."

"அப்ப ஏன் சாமி போவல?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆள கவுந்த எடத்துல தேடினோம்மா. மிதவை தெக்க போயிடுச்சு. கடல் அடங்கட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்னு இருந்துட்டோம். அதுல ஆள் இருப்பாருன்னு எங்களுக்குத் தோணல."

தோணவில்லையாம். மிதவைக்குத் தோன்றியிருக்கிறது.

கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், அது அன்றைக்குத்தான் என்னைக் கைவிட்டது.

பதினாறாம் தேதி அதைக் கழுவுகிறார்களாம். துணியை அப்போது வெட்டி என்னிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். வேண்டுமானால் இப்போதே வெட்டித் தருகிறேன் என்று கத்தரிக்கோலும் கொண்டுவரச் சொன்னார். "கத்தரி வெச்சா நடக்குறதே வேற. அவன் போட்ட முடிச்சு. அவன் பொண்டாட்டி அவுப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். நீயே அவிழ்த்து வை.

சாமியாரிடம் போனேன். உடல் இல்லாவிட்டாலும் அவன் மேல் கிடந்த துணி இருந்தால் மந்திரித்துப் புதைக்கலாம் என்றார். கல்லறைத் திருநாளன்றே வைத்துக்கொள்ளலாம். ஊரில் எல்லாரும் அன்றைக்குத் தங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைக்கிறார்கள், நான் மட்டும் நாலு வருஷமாக வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

கல் வெட்டுகிறவன் பேர் கேட்டான், சொன்னேன். பிறந்த தேதி கேட்டான், சொன்னேன். இறந்த தேதி கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தைத் தினமும் துடைக்கிறவள் நீ. எந்த நாள் போட வேண்டும்? எனக்காகக் குறைத்துச் சொல்லாதே.

அமலோற்பவமேரி


விழுப்புரம்
17-10-2025

அத்தைக்கு,

நேற்று அவிழ்த்துவிட்டேன்.

உப்பில் இறுகி, கல் மாதிரி இருந்தது முடிச்சு. இரண்டு ஆட்கள் பெயின்ட் சுரண்டுவதற்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். "ஜல்தியா முடிம்மா, வண்டி வருது" என்றார்கள். ஆர்த்தி அவர்களை வெளியே அனுப்பிவிட்டு வெந்நீர் கொண்டுவந்து ஊற்றியது. கோணி ஊசியால் நெம்பினேன். பல்லாலும் இழுத்தேன், இன்னும் வாயெல்லாம் கரிக்கிறது. மூன்று முடிச்சு போட்டிருந்தார். அவசரத்தில் போட்டது போல இல்லை.

குப்பை என்று எழுதியிருந்த போர்டை எடுத்துவிட்டார்கள். கோளாறு என்கிற சொல்லின்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். அவர் பெயரைப் போடுவது பற்றிக் கமிட்டி கூடிப் பேச வேண்டுமாம். அதற்குள் கண்காட்சியே முடிந்துவிட்டது.

தேதி கேட்டிருக்கிறீர்கள். குறைத்துச் சொல்லாதே என்றும் எழுதிவிட்டீர்கள்.

படகு கவிழ்ந்தது வியாழக்கிழமை, திசம்பர் ஒன்பது. அன்றைக்குச் சாயங்காலமே கோடு இறங்குகிறது. அந்த ராத்திரி முழுக்கக் கீழேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மேலே ஏறி நேராகிறது. நான் முதலில் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் இறங்குகிறது. கை விட்டிருக்கிறது அத்தை, மறுபடியும் நீந்தி வந்து பிடித்திருக்கிறார். அதற்கு அப்புறம்தான் துப்பட்டாவை எடுத்துத் தன்னோடு சேர்த்துக் கட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். இனிமேல் விடக்கூடாது என்று.

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் ஏறியது. அதன் பிறகு இறங்கவில்லை.

பதினொன்று. 11-12-2021.

துணியைச் சீனுவாசன் அண்ணனிடம் கொடுத்து அனுப்பினால் நீங்கள் வாங்க மாட்டீர்கள். நானே கொண்டுவரட்டுமா? வாசலில் நின்று கொடுத்துவிட்டுக்கூடப் போய்விடுகிறேன்.

பொன்னி


திண்டிவனம்
3-11-2025

பொன்னிக்கு,

நேற்று நீ கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில் பேச முடியவில்லை. ஆஷ்லினும் பக்கத்திலேயே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

உன் அண்ணன் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து மண் அள்ளிப் போட்டான். போட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்று அழுதான். பார்த்தேன். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று அவனிடம் போய்ச் சொல்லிவிடாதே. மியூசியத்து ஐயா அனுப்பின மாலையைக் கல்லறைமேல் வைக்கவிடவில்லை. வாசலில் அனாதைக் கல்லறை ஒன்று இருக்கிறது, அதற்குப் போடச் சொன்னேன். அம்சா முதல் ஆளாக வந்தாள். "வந்துட்டான்னு சொன்னியேடி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். "வந்துட்டான்ல, பாரு" என்று துணி வைத்த பெட்டியைக் காட்டினேன்.

எல்லாரும் மெழுகுவத்தி ஏற்றும்போது நீ கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாய். நீ எழுதியது பதினொன்று. கல்லில் ஒன்பது இருக்கிறது. கல் வெட்டினவன் தப்பு என்று நினைத்திருப்பாய். அவன் தப்பில்லை, நான்தான் ஒன்பது போடச் சொன்னேன்.

அதற்கு முந்தின நாள் ஆஷ்லின் பூ கட்டிக்கொண்டே கேட்டது. "ஆயா, படகு கவுந்ததுமே அப்பா செத்துட்டாரா?"

"ஆமாண்டி கண்ணு. அப்பவே."

"அப்ப அம்மா துப்பட்டா எப்படி அதுல கட்டிக்கிச்சு?"

"அலையில சுத்திக்கினு இருக்கும்."

"அப்பாவுக்கு வலிச்சிருக்காதுல்ல?"

"ஒரு மூச்சுதான். வலிச்சிருக்காது."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் மறுபடியும் பூ கட்ட ஆரம்பித்தது. நேராகக் கல் வெட்டுகிறவன் பட்டறைக்குப் போனேன்; தேதி மட்டும் இன்னும் வெட்டாமல் இருந்தது, பதினொன்று வேண்டாம், ஒன்பது போடு என்றேன். இந்தப் பிள்ளை இனிமேல் சாகிற வரைக்கும் வருஷா வருஷம் அந்தக் கல்லுக்குப் பூ வைக்கும். வைக்கிறபோதெல்லாம் அந்த இரண்டு ராத்திரியையும் எண்ண வேண்டாம். உன்னிடம் கேட்டாலும் நீ இதையேதான் சொல்ல வேண்டும். பூனை கதை மாதிரி சொல்லாதே, ஒழுங்காகச் சொல்.

பூசையைத் திசம்பர் பதினொன்றாம் தேதிக்குத்தான் கொடுத்திருக்கிறேன். பிள்ளை கேட்டால் சாமியாருக்கு அன்றைக்குத்தான் ஒழிந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

நீ ஒன்பதாம் தேதி சாயங்காலமே வந்துவிடு. இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு வா. பிள்ளை சீக்கிரம் தூங்கிவிடும். அந்த இரண்டு ராத்திரியும் அவனோடு யாரும் இல்லை. இந்த வருஷம் நாம் இரண்டு பேரும் முழித்திருப்போம்.

அமலோற்பவமேரி